ஆந்தை என்று பெயர் வைத்த கருவி

எங்கள் பணிமனையில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே! போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. இயந்திரங்களை நேராக்கி வைப்பதற்குப் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம், கைப்பேசித் திரையிலேயே அளவைக் காட்டிவிடுமாம். நான் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் எனக்கு ஒரு கேள்வி காத்திருந்தது. "பத்மா மேடம், ஸ்டோர் ரூம் அலமாரியில ரெண்டு டயல் வெச்ச இரும்புப் பட்டை ஒண்ணு கிடக்கு. மேல பெயின்ட்ல ஆந்தைன்னு எழுதியிருக்கு. அது இன்னா மேடம்?"

குரல் பதிவில் பதில் சொன்னேன். பதினோரு நிமிடம் ஓடியது. ஒருவரும் முழுதாகக் கேட்கவில்லை என்பது மறுநாள் அவர்கள் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்துவிட்டது. "எழுதிக் குடுத்துடுங்க மேடம், பொறுமையா படிக்கிறோம்" என்றார்கள். படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பணிமனையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். விஞ்ஞானிகள் காகிதத்தில் கிறுக்கித் தருவதை இரும்பிலும் அலுமினியத்திலும் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. அதற்கு முன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு. நாற்பது பையன்களுக்கு நடுவே இரண்டு பெண்கள். முதல் வருடம் முழுக்க ஓர் இரும்புக் கட்டியை அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொன்னார்கள். அது சதுரமாவதற்குள் பாதியாகிவிட்டது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். என் உயரம் நான்கு அடி பத்து அங்குலம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கதைக்கு அது தேவைப்படும்.

எங்கள் ஃபோர்மேன் பெயர் தேவசகாயம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஆறடி உயரம். யாரையும் 'நீ' என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆண்கள் எல்லோரும் ஐயா, நான் அம்மா. கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் கிசுகிசுப்பாகப் பேச ஆரம்பித்துவிட்டால் பணிமனையே மூச்சை அடக்கிக்கொள்ளும். டயலை, அதாவது முள் நகர்ந்து அளவு காட்டும் வட்டக் கருவியை, தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி மேஜை டிராயரில் வைப்பார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவார். ஒரு வெள்ளைத் துணியை நான்காக மடித்து, அதன் மேல்தான் டயல் பெட்டியைத் திறப்பார். நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு கட்டையின் தடிமனை அளக்கச் சொன்னார். அளந்து சொன்னேன். "இன்னொரு தடவை அளங்கம்மா" என்றார். இப்படியே பத்துத் தடவை. பதினோராவது தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது. "பத்தும் ஒண்ணாத்தான் இருக்கு, அப்புறம் ஏன் அழறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு என்னை ஆய்வுப் பிரிவில் போட்டார்கள். மற்றவர்கள் செய்த வேலை அளவுக்குச் சரியா என்று பார்த்து முத்திரை குத்தும் வேலை. நண்பர்களைச் சம்பாதிக்க உகந்த வேலை அல்ல.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். மில்லிங் மெஷினில் கீழே ஒரு மேஜை இருக்கும், மேலே ஒரு தலை இருக்கும். தலையில் மாட்டிய வெட்டுளி சுற்றும், மேஜையில் கட்டிய இரும்பு அதன் கீழே நகர்ந்து மட்டமாகச் சீவப்படும். தலை மேஜைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். தோசைக்கல் சாய்ந்திருந்தால் மாவு ஒரு பக்கம் தடித்துப்போகிறதல்லவா, அதே சங்கடம்தான் இங்கும். தலை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வளைந்த கம்பியில் டயலைக் கட்டி, கம்பியைத் தலையில் மாட்டி, கையால் சுற்றுவோம். டயலின் முனை மேஜையைத் தொட்டுக்கொண்டே வட்டமடிக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று முள் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

சிக்கல் என்னவென்றால், டயல் பின்பக்கம் போனதும் அதன் முகமும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அதனால் பின்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரிவதைப் படிப்போம். ஃபோர்மேனுக்கு அது சுலபம், ஆறடி ஆள். நான் ஸ்டூல் மேல் ஏறி, ஒரு கையால் தூணைப் பிடித்து, கழுத்தைக் கோழி மாதிரி நீட்ட வேண்டும். "மேடம் பொட்டு சரியா கீதான்னு பாக்கறாங்க டோய்" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் ஜெயபாலுடையது.

ஜெயபால் வேளச்சேரிக்காரர், மில்லிங் ஆபரேட்டர். தற்காலிக ஊழியர். வேலை சுத்தம், வாய்தான் நிற்காது. அந்தக் குரலை அடக்குவதற்காகவே நான் ஒரு கருவி செய்யக் கிளம்பினேன். ஒரு சட்டம், அதன் நடுவில் தலையில் மாட்ட ஒரு தண்டு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு டயல். டயல்கள் காம்பிலேயே சுழலும்படி மாட்டி, எந்தப் பக்கம் போனாலும் முகத்தை நம் பக்கம் திருப்பிக்கொண்டால் கண்ணாடியும் வேண்டாம், ஸ்டூலும் வேண்டாம். சட்டத்துக்கு வீட்டிலிருந்து ஜன்னல் திரை மாட்டும் அலுமினியக் கம்பியை எடுத்துப் போனேன். மந்தைவெளியில் எங்கள் வீட்டு ஜன்னல் ஒரு வாரம் திரையில்லாமல் நின்றது. "எதிர் வீட்டுக்காரங்க நம்ம வீட்டு டிவியில சீரியல் பார்க்கறாங்க" என்று என் வீட்டுக்காரர் புகார் சொன்னார்.

கருவியை ஃபோர்மேனிடம் காட்டினேன். கை கழுவிவிட்டு வந்தார், கருவியை அரை வட்டம் திருப்பினார், முன்னால் இருந்த டயல் பின்னால் போனது. அளவு மாறிவிட்டது. மறுபடி திருப்பினார், இன்னொரு அளவு. டயல் முனை மேஜையை அழுத்தும் அந்தச் சின்ன அழுத்தத்துக்கே திரைக்கம்பி வளைந்துகொடுத்திருக்கிறது. "சட்டம் கோணலா இருந்தா பரவாயில்லம்மா. தொளதொளன்னு இருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். கம்பி ஜன்னலுக்குத் திரும்பிப் போனது.

பிறகு நான் அதை மறந்தே போனேன். சில வருடங்கள் கழித்து, நான் ஓய்வு பெற ஏழு வருடம் இருந்தபோது, பழைய டயல் முள் சிக்கிக் கெட்டுப்போய்ப் புது டயல் ஒன்று வந்தது. அழகான டயல். ஃபோர்மேன் அதை மடித்த துணியில் வைத்து ரசித்தார். அதைக் கொண்டு மில்லிங் மெஷினின் தலையை அவரே உட்கார்ந்து நேராக்கினார். அவருக்கு அதில் ஒரு வழக்கம் உண்டு. மேஜையில் கனமான வார்ப்பிரும்புத் துண்டு ஏறினால் முன்பக்கம் துளியூண்டு தொங்கும். அதனால் காலி மேஜையில் பின்பக்கம் மூன்று கோடு தாழ்வாக இருக்கும்படி, தலையை வேண்டுமென்றே சாய்த்து வைப்பார். பாரம் ஏறியதும் முன்பக்கம் தொங்கி, கணக்கு நேராகிவிடும். இந்த மூன்று கோடு எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவருடைய சொந்தச் சொத்து.

அடுத்த மாதம் டாக்டர் சாரநாதனின் வேலை வந்தது. மயிலாப்பூர்க்காரர், காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் என்னமோ சோதனை செய்கிற விஞ்ஞானி. அந்தப் பெட்டிக்குக் கனமான ஒரு மூடி வேண்டும், அதன் முகம் மட்டமாக இருக்க வேண்டும். ஜெயபால் சீவிக் கொடுத்தார். நான் விரல் நகத்தை மேலே ஓட்டினேன். டிக், டிக் என்று தட்டியது. வெட்டுளி போய் வந்த ஒவ்வொரு தடத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய படி. திருப்பி அனுப்பினேன். இரண்டாவது மூடியிலும் அதே படி. மூன்றாவதை அவசரம் தாங்காமல் டாக்டரே தூக்கிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னம்மா இது, காத்து கசிஞ்சுண்டே இருக்கே. எங்காத்துல பழைய குக்கர் மூடி இதைவிட நன்னா மூடிக்கறது" என்றார்.

ஜெயபால் ஃபோர்மேன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "சார், என் மேல தப்பு இல்ல. மெஷின் கோணலா கீது."

அந்த மெஷினை நேராக்கியவர் ஃபோர்மேன். "அப்படிங்களா ஐயா?" என்று ஃபோர்மேன் கிசுகிசுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஜெயபாலை நிரந்தரம் ஆக்கலாமா வேண்டாமா என்று ஃபோர்மேன் அறிக்கை கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை ஆணை வந்துவிடும். அந்தத் தடவை விட்டால் ஜெயபாலுக்கு வயது வரம்பு தாண்டிவிடும், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஃபோர்மேன் பழிவாங்குகிற ஆள் இல்லை. ஆனால் மூன்று மூடி வீண் என்பது மூன்று மூடி வீண்தான். "பத்மாம்மா, நீங்களே மெஷினைப் பார்த்துச் சொல்லிடுங்க" என்றார்.

ஸ்டூலில் ஏறினேன். புது டயலைக் கட்டி, கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் மூன்று கோடு தாழ்வு, ஃபோர்மேனின் வழக்கப்படியே. இறங்கி வந்து, பிழைப் பதிவேட்டில் மூன்று மூடிக்கும் எதிரே 'காரணமானவர்: ஆபரேட்டர் ஜெயபால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜெயபால் பார்த்துக்கொண்டே நின்றார். "நீங்களுமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். இவ்வளவு சின்ன வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஃபோர்மேன் அறிக்கையை உறையில் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார். அது செவ்வாய்க்கிழமை.

அன்று ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்ததில் எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. வலது பக்கம் திரும்ப முடியவில்லை. பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பாள். வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தபோது ஒன்று உறுத்தியது. மூன்று மூடியிலும் படிகள் எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே உயரமாக இருந்தன. கவனமில்லாதவன் செய்கிற தப்பு தினம் ஒரு மாதிரி இருக்கும். இவ்வளவு ஒழுங்காக ஒரே தப்பை மூன்று தடவை செய்ய ஜெயபாலால் முடியாது. மனிதருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கழிவுக் குவியலைக் கிளறினேன். மறுபடி ஸ்டூலில் ஏறினால் இருக்கிற கழுத்தும் போய்விடும், அதனால் கண்ணாடி வேண்டாத கருவி எனக்கு அவசியமாகிவிட்டது. கழற்றிப் போட்ட ஒரு பழைய இயந்திரத்திலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் இரும்புப் பட்டை கிடைத்தது. சற்றுக் கோணல்தான், ஆனால் ஏறி நின்றாலும் வளையாது. நடுவில் துளையிட்டுத் தண்டை இறுக்கினேன். ஒரு முனையில் புது டயல், மறு முனையில் என் ஆய்வு மேஜையிலிருந்து எடுத்த சின்ன டயல். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மாட்டினேன்.

பட்டை கோணல் என்பதற்கு ஒரு வழி உண்டு. மேஜையின் முன்பக்கம் ஓர் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, முதல் டயலை அதன் மேல் நிறுத்திப் பூஜ்யம் வைத்தேன். அரை வட்டம் திருப்பி, முகங்களை என் பக்கம் சுழற்றிக்கொண்டு, இரண்டாவது டயலையும் அதே புள்ளியில் நிறுத்திப் பூஜ்யம் வைத்தேன். இரண்டுக்கும் ஒரே இடத்தைக் காட்டிவிட்டால், அப்புறம் பட்டை எப்படி இருந்தாலும் இரண்டும் ஒரே கணக்கில் பேசும். ஜெயபால் தூரத்தில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக என்னுடன் பேசவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இன்னாது இது, ஆந்தை மாதிரி முழிச்சிக்கினு கீது?" என்று சோற்றிடம் சொன்னார்.

முன்னால் டயல் பூஜ்யத்தில் நின்றது. பின்னால் பார்த்தேன். மூன்று கோடு. தாழ்வு இல்லை, உயர்வு.

திரைக்கம்பி ஞாபகம் வந்தது. அரை வட்டம் திருப்பினேன், டயல்கள் இடம் மாறின. பின்பக்கம் அப்போதும் மூன்று கோடு உயர்வு. ஐந்து தடவை திருப்பினேன், கருவி ஒரே சொல்லில் நின்றது. அப்படியானால் நான் செவ்வாய்க்கிழமை என்ன பார்த்தேன்? கண்ணாடியை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். பின்னலைப் பார்க்கிற மாதிரி தோளுக்கு மேலே பிடித்து, பின்னால் இருந்த டயலைப் பார்த்தேன். உயர்வுப் பக்கம் நின்ற முள், கண்ணாடியில் தாழ்வுப் பக்கம் நின்றது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பழைய டயலில் எண்கள் பூஜ்யத்திலிருந்து தொண்ணூறு வரை ஒரே சுற்றாக ஓடும். கண்ணாடியில் எண் இடவலம் மாறித் தெரிந்தாலும் மூன்றா தொண்ணூற்றேழா என்று படித்துவிடலாம். புது டயலில் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே எண்கள். வலமா இடமா என்று முள்ளைப் பார்த்தால்தான் உண்டு, கண்ணாடிக்கு வலமும் இடமும் மாறிவிடும். ஃபோர்மேன் தம் மூன்று கோட்டை நேர் எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டார். பாரம் ஏறியதும் கழிய வேண்டிய மூன்று, கூடி ஆறாகிவிட்டது. பார்த்துச் சொல்லும்படி கேட்கப்பட்ட நானும் அதே கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஜெயபால் பெயரை எழுதிவிட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் இதை ஃபோர்மேனிடம் சொல்ல வேண்டும்.

போய்ச் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், சோப்புப் போட்டுக் கை கழுவினார். அந்த இரண்டு நிமிடம் எனக்கு இரண்டு வருடமாகப் போயிற்று. கருவியை அவரே மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடமிருந்து கண்ணாடியை வாங்கி, முதுகைத் திருப்பி நின்று பார்த்தார். நேராகப் பார்த்தார். மறுபடி கண்ணாடியில் பார்த்தார்.

"முப்பது வருஷமா எண்ணைப் பார்த்தேன் அம்மா. இதுல முள்ளைப் பார்த்துட்டேன்" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரிந்தது.

துணியில் கை துடைத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு நடந்தார். சட்டையின் கை மடிப்பைக்கூட இறக்கிவிடவில்லை. அரை மணி நேரத்தில் அந்த உறையோடு திரும்பி வந்தார். அங்கே என்ன சொல்லி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. உறையை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு, ஜெயபாலைக் கூப்பிட்டார். "மெஷின் கோணல்தான் ஐயா. நான்தான் கோணலாக்கி வெச்சேன்."

ஜெயபால் கையிலிருந்த துணியால் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

தலையை மறுபடி நேராக்கினோம். ஃபோர்மேன் திருகினார், நான் ஆந்தையைப் படித்தேன். நாலாவது மூடியை ஜெயபால் சீவினார். நான் நகத்தை ஓட்டினேன், எங்கும் தட்டவில்லை. தகவல் கேட்டு ஓடி வந்த டாக்டர் சாரநாதன் புறங்கையால் தடவிப் பார்த்து, "குழந்தை கன்னம் மாதிரின்னா இருக்கு!" என்று மூடியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மாலை ஐந்து மணிக்கு ஃபோர்மேன் பிழைப் பதிவேட்டைத் திறந்தார். மூன்று வரியிலும் நான் எழுதிய 'ஜெயபால்' என்பதை அடித்தார். மூன்று இடத்திலும் 'தேவசகாயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பேனாவை வாங்கினேன். 'சரிபார்த்தவளும் அதே பிழையைச் செய்தாள்' என்று பக்கத்தில் எழுதி, மூன்று கையெழுத்துப் போட்டேன்.

ஜெயபால் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கினு கையெழுத்துப் போடறீங்க?" என்று சிரித்தவர், படித்ததும் சிரிப்பை நிறுத்தினார். தலையைச் சொறிந்துகொண்டார்.

"சார், அந்த மூணாவது வரில எனக்கும் கொஞ்சம் எடம் உடுங்க. அத்த நான் கோவத்துல ஓட்டுனேன். ஸ்பீடை ஏத்திட்டேன், ஓரத்துல ஒரு கீறல் உழுந்துச்சு. படி மெஷினுது சார். கீறல் என்னுது."

ஃபோர்மேன் பதிவேட்டை மூடினார். "நீங்க போட முடியாது ஐயா. இதுல நிரந்தர ஊழியர் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம்."

ஜெயபால் முகம் தொங்கிப்போயிற்று. "சரி சார்" என்று திரும்பினார்.

"திங்கட்கிழமை வந்து போடுங்க" என்றார் ஃபோர்மேன்.

ஜெயபாலுக்கு அது விளங்க நாலு எட்டு நடக்க வேண்டியிருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது, அங்கேயே நின்று அழுதுவிட்டேன். திங்கட்கிழமை காலை பணிமனைக் கதவைத் திறக்கும்போது ஜெயபால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வருகைப் பதிவேட்டில்கூடப் போடாமல், முதல் கையெழுத்தை அந்த மூன்றாவது வரியில்தான் போட்டார்.